வெறுங்கால் விண்ணப்பம்

ஜோகூர் பாருவில் கடலைப் பார்த்த மேட்டில் நின்ற அந்தப் பழைய அரண்மனைக்குள் போவது மிகவும் சுலபம். காசு கேட்க மாட்டார்கள். வாசலில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு, சுழலும் இரும்புக் கட்டையை வயிற்றால் ஒரு தள்ளுத் தள்ளினால் உள்ளே இருப்பீர்கள். அரச வீட்டார் அங்கிருந்து குடிபெயர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நாட்டு மக்கள் கண்டு களிக்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். மக்கள் அளவுக்கு மிஞ்சிக் களித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் இலாகாவையும் வைத்தார்கள். அரண்மனைப் பார்வை இலாகா என்று அதற்குப் பெயர். உள்ளே வருவதற்கு ஒரே ஒரு விதியையும் வெளியே போவதற்கு நாற்பத்தொரு விதிகளையும் அந்த இலாகா வகுத்து வைத்திருந்தது. இது அய்யாவு என்பவனுக்குத் தெரியாது.

அய்யாவு, ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். 1928ஆம் வருஷம், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, சரக்கு லாரியில் தொற்றிக்கொண்டு ஜோகூர் பாருவுக்கு வந்து இறங்கினான். கல்யாணமான மூன்றாம் மாதமே ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறியிருந்தானே, அந்தப் பேச்சியம்மாள் ஐந்து வருஷம் கழித்து வருகிறாள். சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கி, தீவில் ஒரு வாரம் நோய்த்தடுப்புக் காவலில் கிடந்து, அன்றைக்கு நாலு மணி ரயிலில் ஜோகூர் பாருவுக்கு வருகிறாள். ஸ்டேஷனில் அவன் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வம்பு. கேட்க ஆளில்லாமல் நிற்கும் பெண்ணை எந்தக் கங்காணியாவது தன் கும்பலோடு சேர்த்து லாரியில் ஏற்றி மெர்சிங் பக்கம் கொண்டுபோய்விடலாம். அப்புறம் அந்தக் காட்டுக்குள் எங்கே போய்த் தேடுவது?

நின்றால் மட்டும் போதாது, அவளுக்கு அடையாளமும் தெரிய வேண்டும். காட்டுக் காய்ச்சல் மூன்று முறை வந்து அய்யாவைப் பாதியாகக் குடித்துப் போட்டிருந்தது. கன்னம் ஒட்டி, தலைமயிர் கொட்டி, ஊரிலிருந்து கிளம்பிய ஆள் வேறு, இவன் வேறு. ஆகவே ஆயர் ஈத்தாம் கடைக்காரர் லியாக்கத் அலியிடம் கடுதாசி எழுதச் சொன்னபோது, "செவப்பு வாரு வச்ச புதுச் செருப்பு போட்டுக்கிட்டு நிப்பேன், அதப் பாத்து வந்துடச் சொல்லுங்க பாய்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தான்.

ஊருக்குப் போட்ட கடுதாசிகளில் இன்னொன்றும் எழுதியிருந்தான். புருஷன் எப்படி இருக்கிறான் என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள் அல்லவா? "நான் ராசா ஊரில் சௌக்கியமாக இருக்கிறேன். தினமும் அரண்மனைக்குப் போய் வருகிறேன்." ஐந்து வருஷமாக எல்லாக் கடுதாசியிலும் இதுதான் முதல் வரி. பொய் சொன்னவன் கெட்டவன் இல்லை. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையைப் பற்றி எழுத அவனுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது அவள் வந்து இறங்கி, "அரமனை எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டால் என்ன சொல்வது? நாலு மணிக்கு முன் ஒருமுறையாவது பார்த்துவிடலாம் என்று பன்னிரண்டு மணிக்கு அவன் அந்த மேட்டில் ஏறினான்.

வாசலுக்கு முன்னால் வந்ததும், யாரும் சொல்லாமலே, செருப்பைக் கழற்றினான். ராஜா இருந்த இடம், செருப்புக் காலோடு எப்படிப் போவது? புதுச் செருப்பாயிற்றே, யாராவது மாட்டிக்கொண்டு போய்விடப் போகிறார்களே என்று, வாசலோரத்துப் பீரங்கியின் சக்கரத்துக்குப் பின்னால் ஜோடியாக ஒதுக்கி வைத்தான். சீட்டை வாங்கிக்கொண்டு கட்டையைத் தள்ளினான். கட்டை ஒரு தரம் சுற்றி, 'டொக்' என்று பூட்டிக்கொண்டது.

உள்ளே சுற்றிக் காட்டுவதற்கு மணியம் என்பவர் இருந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் பிரம்பு. முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார்.

"இது யாரும் உக்காராத நாற்காலி. இது யாரும் படுக்காத கட்டில். இந்தத் தட்டுங்க எரநூறு. ஒண்ணுலயும் ஒருத்தரும் சோறு திங்கல."

"அப்புறம் எதுக்குங்க செஞ்சாங்க?" என்று அய்யாவு கேட்டான்.

"பாக்குறதுக்கு."

"அந்தக் காலத்துல?"

"அந்தக் காலத்துலயும் பாக்குறதுக்குத்தான்யா. சும்மா வா."

அய்யாவு சும்மா வந்தான். பார்த்ததையெல்லாம் பேச்சிக்குச் சொல்வதற்காக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தான். ஆள் உயரக் கண்ணாடி, பஞ்சு அடைத்து வைத்த புலி, சுவரில் சரம் சரமாகக் கத்தி. கடைசியாகப் பளிங்கு மண்டபம் வந்தது. அந்தப் பக்கம் திறந்த கதவு. கதவுக்கு வெளியே வெயில், தெரு, கடல். மண்டபத்தைக் கடக்க நாற்பது அடி நடக்க வேண்டும். மற்றவர்கள் டொக்கு டொக்கென்று நடந்து போய்விட்டார்கள். அய்யாவின் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கம்பு வந்து நின்றது.

கம்பு வேலு என்ற காவல்காரருடையது. அவர் அய்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கய்யா?"

"வாசல்ல விட்டுட்டு வந்தேங்க."

"தாக் போலே!" என்று மலாயில் மறுத்தார். "வெறுங்காலோட பளிங்குல மிதிக்கக் கூடாது. விதி பதினாலு."

"சரிங்க, வந்த வழியாவே போயிடுறேன்."

"அது வர்ற வழிய்யா. போற வழி இல்ல. விதி ஆறு."

"அப்ப நா எப்படிங்க உள்ள வந்தேன்? வாசல்ல யாரும் கால பாக்கலையே?"

"வாசல்ல சீட்டு மட்டுந்தான் பாப்பாங்க. கால பாக்குறது என் டூட்டி."

ஓடிவிடலாமா என்று அய்யாவு பளிங்கைப் பார்த்தான். வேலு அந்தப் பார்வையைப் பலமுறை பார்த்துப் பழகியவர். "ஓடுனா லோக்கப்பு. எலாகா துரை சிங்கப்பூர் போயிருக்காரு, திங்கக்கிழமைதான் வருவாரு, அதுவரைக்கும் லோக்கப்பு" என்று அன்பாகவே எடுத்துச் சொல்லி, அவனை ஆபீஸ் குமாஸ்தாவான தலைமைக் கிராணியிடம் அனுப்பிவைத்தார்.

தலைமைக் கிராணி சதாசிவம், ஆபீஸ் நேரத்தில் பேச்சுத் தமிழ் பேசுவதில்லை என்று விரதம் பூண்டவர். எழுதுவது போலவே பேசுவார். பேசுவது போல எழுதமாட்டார். அய்யாவு கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் மனைவி, நாலு மணி ரயில், சிவப்பு வார் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான். சதாசிவம் முழுவதையும் கேட்டார். பிறகு ஓர் அச்சடித்த பாரத்தை எடுத்தார்.

"இது வெறுங்கால் விண்ணப்பம். உமது பாதரட்சை தொலைந்ததா?"

"இல்லைங்க. வாசல்ல கெடக்குது."

"கிடக்கிறது என்றால் தொலையவில்லை. திருட்டுப் போனதா?"

"இல்லைங்க ஐயா. நானே கழட்டி வச்சேன்."

"எதற்காக?"

"ராசா வீடாச்சுங்களே. ஒரு மருவாதிக்கு."

சதாசிவம் பாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "மரியாதைக்கு இதில் கட்டம் இல்லை. மூன்றே கட்டங்கள்தாம். தொலைந்தது, திருடப்பட்டது, என்றுமே இருந்ததில்லை. முதல் இரண்டும் நீர் மறுத்துவிட்டீர். எனவே மூன்றாவது." எழுதி, மையை ஒற்றி எடுத்தார்.

"ஐயா, செருப்பு இருக்குதுங்களே!"

"இருந்ததில்லை என்று பதிவாகிவிட்டது. ஆகவே வாசலில் கிடப்பது உம்முடையது அல்ல. உரியவர் அறியப்படாத அந்தப் பொருளை வாசல்காரர் இந்நேரம் எடுத்து முக்காலியில் வைத்து, சீட்டுக் கட்டியிருப்பார். உரியவர் வெளிவாசலுக்கு நேரில் வந்து கோரினால் கொடுக்கப்படும்."

"என்னைய வெளிய விட்டீங்கன்னா இப்பவே போயிக் கேட்டு வாங்கிக்கிறேன்."

"வெறுங்காலோடா?" என்று சதாசிவம் கேட்டார். கேலியாக அல்ல, நிஜமான திகைப்போடு.

அய்யாவின் கண் சதாசிவத்தின் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் விழுந்தது. உள்ளே பளபளவென்று ஒரு ஜோடி செருப்பு. கீழே அட்டையில் ஏதோ எழுத்து.

"அதுவா? பார்வையாளர் பாதரட்சை. உம்மைப் போன்றவர்களுக்காகவே இலாகா கருணையோடு வாங்கியது. ஆறு வருஷமாக வைத்துக் காத்து வருகிறேன். ஒருவருக்கும் கொடுத்ததில்லை."

"ஏங்க?"

"கொடுத்தால் போட்டுக்கொள்வார்கள்" என்றார் சதாசிவம். "போட்டால் தேயும். நாளைக்குத் துரை வந்து பார்வையாளர் பாதரட்சை எங்கே என்று கேட்டால் தேய்ந்ததையா காட்டுவேன்? இந்த இலாகாவின் மேல் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை, தெரியுமா? புகார்ப் பெட்டி தெருவில் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களால் அதில் போட இயலாது. வெளியே போய்விட்டவர்களுக்குப் புகார் இருக்க நியாயமில்லை. மாதாமாதம் திறந்து பார்க்கிறேன், சுத்தமாக இருக்கும்." இதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது. முப்பது வருஷ உழைப்பு அல்லவா?

சுவர்க் கடிகாரம் இரண்டே கால் காட்டியது. அய்யாவுக்கு அழுகை வந்தது. அழுதான். வயதுவந்த ஆண்பிள்ளை அழுவதற்கும் பாரத்தில் கட்டம் இல்லை, ஆகவே அது பதிவாகவில்லை.

அடுத்த கஷ்டம், அவனை எங்கே வைப்பது என்பது. நாற்காலிகளில் உட்காரக் கூடாது. நிற்கலாமென்றால், ஒரு பார்வையாளர் ஓர் அறையில் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது, விதி இருபத்தாறு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணியம் அவனை அறை அறையாகத் துரத்தினார். ஒரு சுற்று முடிந்து மறுபடி புலி அறைக்கு வந்தபோது மணியத்துக்குக் கால் வலித்தது. வலித்த கால் ஒரு யோசனை சொன்னது. விதியெல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவற்றுக்கு நேரக் கணக்கே கிடையாது. புலி பதினெட்டு வருஷமாக அங்கேயே இருக்கிறது, யாராவது கேட்டார்களா?

அப்படித்தான் அய்யாவு கயிற்றுக்கு அந்தப் பக்கம், புலியின் அருகே நிறுத்தப்பட்டான். சதாசிவம் வந்து பார்த்து, கயிற்றுக்குள் எண் இல்லாத பொருள் எதுவும் இருக்கக் கூடாதே என்று கவலைப்பட்டு, ஓர் அட்டையில் 212 என்று எழுதி அவன் மணிக்கட்டில் கட்டினார். சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பொருளுக்கு எதற்குச் சீட்டு?

மூன்று மணிக்கு அடுத்த கூட்டம் வந்தது.

"இது புலி. மூவார் காட்டுல சுட்டது. பக்கத்துல இருக்கிறது பால்மரம் வெட்டுற ஆளு. ரெண்டையும் தொடாதீங்க."

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் குனிந்து உற்றுப் பார்த்தாள். "அலமாக்! கண்ணு அசங்குற மாதிரியே செஞ்சிருக்காங்க" என்றாள்.

"அம்மா, நா உசிரோடதாம்மா இருக்கேன். வாசல்ல போயி என் செருப்ப எடுத்தாரச் சொல்லுங்கம்மா" என்று அய்யாவு கெஞ்சினான்.

"பேசவும் செய்யுது!" என்று கூட்டம் வியந்தது. ஒருவர் கைதட்டினார். மணியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. புலியை வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு கைதட்டுக்கூட வாங்கியதில்லை.

பிறகு நாலு மணிச் சங்கு ஊதியது. கடலுக்கு மேல் புதிதாகப் போட்டிருந்த பாலத்தில் ரயில் வரும் சத்தம் ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது. ஸ்டேஷன் மேட்டுக்குக் கீழேதான், கூப்பிடு தூரம். ரயில் நிற்பது கேட்டது. பெருமூச்சு விடுவது கேட்டது. பேச்சி இந்நேரம் இறங்கியிருப்பாள். ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டு நடப்பாள். சிவப்பு வார் எங்கும் இராது. "ஆளையே காணமே" என்று நிற்பாள். கங்காணி பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வருவான். அய்யாவு புலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான், இல்லாவிட்டால் விழுந்திருப்பான். ஒரு பொய்க்காக, ஒரே ஒரு வரிப் பொய்க்காக, பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ரயில் மறுபடி கிளம்பிப் போவதும் கேட்டது.

நாலே முக்காலுக்கு முதல் மணி அடித்தார்கள். ஐந்து மணிக்கு அரண்மனையைப் பூட்டுவார்கள். பார்வையாளர்கள் போய்விடுவார்கள். பொருள்கள் இருக்கும்.

அப்போதுதான் தூரத்து அறையிலிருந்து 'சரட், சரட்' என்று ஒரு சத்தம் வந்தது. காலுக்குப் பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிற சத்தம். தலையில் துணி மூட்டையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். கறுத்த, திடமான உடம்பு. காலில் சிவப்பு வார்.

அய்யாவு புலியின் முதுகை விட்டு நிமிர்ந்தான். அவள் புலியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள். காலில் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு அடுத்த அறைக்குத் திரும்பிவிட்டாள்.

"பேச்சி!"

அவள் நின்றாள். திரும்பி வந்து கயிற்றருகில் நின்று வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். காய்ச்சல் விட்டுவைத்த ஏதோ ஒன்று அந்த முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

"ஏங்க, நீங்களா? என்னங்க இது, இப்படி எளச்சுப் போயி, புலிக்குப் பக்கத்துல நிக்கிறீங்க?"

நடந்ததை அவள் பிற்பாடு சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். ஸ்டேஷனில் ஒரு கங்காணி மெர்சிங் லாரியில் ஏறச் சொன்னானாம். "எம் புருசன் அரமனையில இருக்காரு. தெனம் அங்கதான் போவாரு. நா அங்க போறேன்" என்றாளாம். அரண்மனை ஆளின் பெண்சாதி என்றதும் கங்காணி மிரண்டு, வழியையும் காட்டி, கும்பிடும் போட்டானாம். வாசலுக்கு வந்தால் முக்காலியின் மேல் சிவப்பு வார் செருப்பு. கோரி வந்தால் நாலு பாரம் நிரப்ப வேண்டும் என்று வாசல்காரன் தயாராகப் பேனாவை எடுத்தானாம். அவள் ஒன்றும் கோரவில்லை. காலில் மாட்டிக்கொண்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, கட்டையைத் தள்ளிவிட்டாள். வாசலில் சீட்டு மட்டும்தானே பார்ப்பார்கள்?

அவள் கயிற்றைத் தூக்கி அவனை வெளியே இழுத்தாள். மணியம் ஓடி வந்தார், கூடவே சதாசிவமும். பளிங்கு மண்டபத்து ஓரத்தில் வேலு கம்பை நீட்டினார்.

"செருப்புக் கால் ஒண்ணுதான் போலாம். வெறுங்கால் தாக் போலே."

"எண் 212ஐ அகற்றத் துரையின் கையெழுத்து வேண்டும்" என்றார் சதாசிவம். "நீர் போகலாம், அம்மா. உம்மிடம் சீட்டு இருக்கிறது."

பேச்சியம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள். "அவரு இல்லாம நா போகல" என்றாள். சண்டை போடவில்லை, சும்மா சொன்னாள்.

கடிகாரத்தில் ஐந்துக்கு இன்னும் மூன்று நிமிஷம். சதாசிவத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விதி நாற்பது: சீட்டுள்ள பார்வையாளர் ஒருவர் உள்ளே இருக்கும்வரை தலைமைக் கிராணியும் உள்ளே இருக்க வேண்டும். திங்கட்கிழமை வரையானாலும் சரி. அந்த விதியை எழுதியவர் அவர்தான். மற்றவர்களுக்கு எழுதிய மையிலேயே அதையும் எழுதியிருந்தார். அது ஒருநாள் தம்மை வந்து பிடிக்கும் என்று நினைத்ததில்லை.

"அம்மா, எழுந்திரும். எனக்கு வீட்டில்..." என்றவர், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக விரதத்தை விட்டார். "எந்திரிம்மா, தாயே! கால் பளிங்குல படாமப் போனா நா எதுக்கு கேக்கப் போறேன்?"

"கால் படக் கூடாது, அவ்வளவுதானே?" என்றாள் பேச்சி. புருஷன் பக்கம் திரும்பி முதுகைக் காட்டிக் குனிந்தாள். "ஏறுங்க."

"சீ, ஆளுங்க பாக்குறாங்க."

"ஊருல நெல்லு மூட்டையே தூக்குறவ நானு. நீங்க அதுல பாதி இருப்பீங்களா? ஏறுங்கன்னா!"

அய்யாவு ஏறினான். சதாசிவம் அவன் மணிக்கட்டு அட்டையைப் பிடுங்கி, 212ஐ அடித்துவிட்டு, 'பார்வையாளரின் சொந்த மூட்டை, இரண்டு' என்று அவசரமாக எழுதி, வேலுவிடம் நீட்டினார். வேலு அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டுக் கம்பைத் தூக்கினார். துணிமூட்டையை மணியமே எடுத்து அய்யாவின் தலையில் வைத்தார்.

பேச்சியம்மாள் நடந்தாள். 'சரட், சரட்' என்று பளிங்கில் செருப்பு இழுபட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அய்யாவு கூச்சத்தில் கண்ணை மூடியிருந்தான். ஐந்து வருஷம் கழித்து அவள் தலைமயிரில் அதே விளக்கெண்ணெய் வாசம் அடித்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க முடியவில்லை. பாதி மண்டபம் தாண்டியதும் அவள் நின்றாள். மூச்சு வாங்குவதற்கு நிற்கிறாள் என்று நினைத்தான்.

"ஏங்க" என்றாள், தலையைத் திருப்பாமல்.

"ம்?"

"தெனம் இங்க வந்து போறேன்னு எழுதுவீங்களே. அஞ்சு வருசமா தெனம் ஒங்கள யாரு வெளிய தூக்கியாந்தா?"